தாசில்தார் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எதற்கு முதுகலை?

அன்புள்ள ஐயா,

சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான்கு வருடமாகப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். தீயணைப்பான்களின் தேதியைப் பார்ப்பது, மாதம் ஒருமுறை ஒத்திகை நடத்துவது, யார் யார் வரவில்லை என்று மேலிடத்துக்கு மெயில் அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. சலிப்பாக இருக்கிறது.

2015 டிசம்பரில் முடிச்சூரில் எங்கள் வீடு தண்ணீருக்குள் இருந்தது. அன்றிலிருந்தே பேரிடர் மேலாண்மை மீது ஒரு கண். அமெரிக்காவில் அவசரகால மேலாண்மை, பேரிடர்ப் பணி நிர்வாகம் என்று முதுகலைப் படிப்புகள் இருக்கின்றன. மும்பையில் டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலும் உண்டு. அம்மாவிடம் சொன்னால், "மழை வந்தா தாசில்தார் பாத்துக்கப் போறார், அதுக்கு எதுக்குடா ரெண்டு வருஷப் படிப்பு?" என்கிறார்.

சுனாமி நிவாரணத்தில் வேலை பார்த்ததாக நீங்கள் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். இது படித்து வருகிற விஷயமா, இல்லை அனுபவத்தில்தான் வருமா? படிப்பதென்றால் எங்கே? கடைசியாக ஒரு சின்னக் கேள்வி, சிரிக்காதீர்கள்: இந்தத் துறைக்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா?

கா.

*

அன்புள்ள கா.,

உங்கள் அம்மா சொல்வது பாதி சரி. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர்தான். அவருக்குக் கீழே கோட்டாட்சியர், தாசில்தார், ஆர்.ஐ., கடைசியில் விஏஓ. பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்கிறது, முகாமுக்கு அரிசி எந்தக் கடையில் கடனாகக் கிடைக்கும் என்பதெல்லாம் இன்றும் அந்த வரிசையில்தான் தீர்மானமாகிறது. முதுகலை முடித்து வருகிறவருக்கு அங்கே நாற்காலி போட்டு யாரும் காத்திருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மீதிப் பாதிக்கு நாகப்பட்டினம் போக வேண்டும்.

2004 டிசம்பர் 26 அன்று அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தது ஜனவரி முதல் வாரம். ஒரு கல்யாண மண்டபத்தில் இருப்புப் பதிவேடு எழுதும் வேலை கொடுத்தார்கள். லாரியில் இறங்குவதை வரவில் எழுத வேண்டும், முகாமுக்குப் போவதைக் கழிக்க வேண்டும். மேடையில் மணமக்கள் நாற்காலி இரண்டும் அப்படியே இருந்தன. அதில் ஒன்றில் உட்கார்ந்துதான் கணக்கு எழுதினேன்.

வந்ததெல்லாம் பழைய துணி. ஒரு மூட்டையை அவிழ்த்தால் கம்பளி ஸ்வெட்டர், பட்டன் போன சஃபாரி சட்டை, பள்ளிக்கூட டை, ஜோடி இல்லாத சாக்ஸ். எட்டுப் பேர் மூன்று நாள் உட்கார்ந்து பிரித்தோம். மண்டபத்தில் இடம் தீர்ந்ததும் அடுத்தடுத்து வந்த லாரிகள் சாலையோரத்திலேயே கொட்டிவிட்டுப் போயின. பனியில் நனைந்து நாறத் தொடங்கியது. மாடுகள் அதன்மேல் சுகமாகப் படுத்துக்கொண்டன. அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட முகாமிலிருந்து ஒரு அம்மாள் வந்து, உள்பாவாடை, நாப்கின், ஒரு வாளி இருக்குமா என்று தணிந்த குரலில் கேட்டார். பதிவேட்டைப் புரட்டினேன். மூன்றும் இல்லை.

உலகத்தில் வேறெங்கும் நடக்காத கூத்து என்றுதான் அப்போது நினைத்தோம். சில வருடம் கழித்து அஞ்சல்வழியில் ஒரு டிப்ளமோ படித்தபோதுதான் தெரிந்தது. சார்ல்ஸ் ஃப்ரிட்ஸ், மாத்யூசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1957-லேயே இதைப் பற்றி ஒரு முழு அறிக்கை எழுதியிருக்கிறார்கள். பேரிடர் நடந்த இடத்தை நோக்கி ஆட்களும் விசாரிப்புகளும் பொருட்களும் வந்து குவியும், உதவி செய்ய வந்ததே வழியை அடைக்கும், ஆகவே குவியலை நிர்வகிக்கத் தனியாக ஆள் போடு என்று. படித்தபோது எனக்கு வந்தது கோபம்தான். எங்கள் எட்டுப் பேரின் மூன்று நாளை ஐம்பது வருடம் முன்பே யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள், எங்களில் ஒருவனும் படித்திருக்கவில்லை. படிப்பால் என்ன பயன் என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது இந்தப் பதில்தான்.

இந்தத் துறையே ஆய்வேடுகளில் பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய பிரெஞ்சுக் கப்பல் ஒன்று இன்னொரு கப்பலோடு மோதி வெடித்தது. ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். அந்த ஊர்த் தேவாலயத்தில் குருவாக இருந்த சாமுவேல் ஹென்றி பிரின்ஸ் பிறகு நியூயார்க் போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அதையே முனைவர் ஆய்வாக எழுதினார். 1920-இல் அது வெளிவந்தது. ஒரு பேரிடரைச் சமூகவியல் கண்ணால் பார்த்த முதல் ஆய்வு என்று அதைச் சொல்வார்கள். டைட்டானிக்கில் இறந்தவர்களின் உடல்களைத் தேடிப் போன கப்பல்களில் ஒன்றிலும் அவர் இருந்திருக்கிறார். பார்த்துவிட்டுப் படிக்கப் போன மனிதர்.

அடுத்து என்ரிகோ குவாரன்டெல்லி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1953-இல் சிகாகோவில் அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு பீதியைப் பற்றியது. ஆபத்து வந்தால் மக்கள் பீதியில் கண்மண் தெரியாமல் ஓடுவார்கள் என்பதுதானே எல்லோருடைய நினைப்பும்? தேடிப் பார்த்தால் அப்படி ஓடியவர்கள் மிகச் சிலர். பெரும்பாலானவர்கள் வீட்டு ஆட்களைத் தேடுகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரைத் தூக்கிவிடுகிறார்கள். 1963-இல் அவரும் இன்னும் இருவரும் ஒஹாயோவில் தொடங்கிய பேரிடர் ஆய்வு மையம் 1985 முதல் டெலவர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. முடிச்சூர்க்காரரான உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். 2015-இல் சென்னைத் தெருக்களுக்குள் படகு கொண்டுவந்த மீனவர்கள் பலரை யாரும் ஆணை போட்டு அழைக்கவில்லை. ஆனால் இன்றும் நம் அதிகாரிகள் பலர், "இப்பவே சொன்னா ஜனங்க பயந்துடுவாங்க" என்று எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எழுபது வருடப் பழைய ஆய்வேடு ஒன்றை அவர்கள் மேசையில் வைக்கலாம்.

சரி, படிப்பில் வராத விஷயமும் உண்டு. நாகைக் கடற்கரையில் எதுவானாலும் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகத்தான் போகும். ஊருக்கு 300 மண்ணெண்ணெய் அடுப்பு என்றால் தலைக்கட்டுக்கு ஒன்று. கலியாணமான ஆணுக்கு ஒரு தலைக்கட்டு. யாரையும் விடாத கறாரான கணக்கு என்று நான் வியந்துகொண்டிருந்தேன். ஒருநாள் மீன் கூடை தூக்கும் பெண் ஒருத்தி வந்து, தன் பெயர் பட்டியலில் இல்லை என்றாள். புருஷன் அலையில் போய்விட்டான், தலைக்கட்டும் அவனோடு போயிற்று. ஊரில் மீனவர் அல்லாத கூலிக்காரர்களுக்கும் இதே கதை. படகு வைத்திருந்தவருக்குப் படகு இழப்பீடு, வலை வைத்திருந்தவருக்கு வலை இழப்பீடு, கரையில் ஐஸ் உடைத்தவருக்கு என்ன? அதற்குப் பத்தியே இல்லை. ஆட்சியர் அலுவலகத்திலேயே தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் நடத்தியதால் இப்படி விடுபட்டவர்களில் கொஞ்சம் பேராவது பிறகு கணக்குக்குள் வந்தார்கள். பாடப்புத்தகத்தில் 'பாதிப்புக்குள்ளாகும் தன்மை' என்று ஒரு அத்தியாயம் இருக்கும். நல்ல அத்தியாயம்தான். அதில் தலைக்கட்டு என்ற சொல் இருக்காது.

இப்போது எங்கே என்ற கேள்வி. அமெரிக்காவில் கவுண்டிக்குக் கவுண்டி, நம் மாவட்டம் மாதிரி, இதற்கென்று ஒரு அலுவலகம் இருக்கிறது. 1979-இல் ஃபீமா என்ற மத்திய அவசரகால மேலாண்மை அமைப்பு வந்தது, 1983-இல் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் இளங்கலைப் பட்டமே தொடங்கியது. அங்கே இது ஒரு தொழில். பாடங்களும் அந்த அலுவலகங்களுக்காகவே செய்தவை: அவர்களுடைய சட்டம், அவர்களுடைய பட்ஜெட், அவர்களுடைய காப்பீடு. படித்து முடித்த பிறகு ஃபீமா மாதிரி மத்திய அரசு வேலைக்குக் குடியுரிமை கேட்பார்கள். கவுண்டிக்காரர்கள் விசா போட்டு வெளிநாட்டுக்காரரை எடுப்பது அபூர்வம். வீட்டை அடமானம் வைத்து இதற்குப் போகாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். ஆய்வுதான் ஆசை, உதவித்தொகையும் கிடைக்கிறது என்றால் டெலவருக்கு விண்ணப்பியுங்கள், அது வேறு கதை.

அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 1970-இல் கலிஃபோர்னியா காட்டுத்தீயில் பல ஊர்த் தீயணைப்புப் படைகள் ஒன்றாக இறங்கின. ஒருவர் சொன்ன சொல் இன்னொருவருக்குப் புரியவில்லை, ஒருவர் ரேடியோ இன்னொருவருக்குக் கேட்கவில்லை, தலைவர் யார் என்றும் தெரியவில்லை. அந்தக் குழப்பத்திலிருந்து பிறந்ததுதான் சம்பவக் கட்டளை முறை. ஒருவருக்குக் கீழே மூன்று முதல் ஏழு பேர், ஐந்து பேர் என்றால் உத்தமம், எல்லோருக்கும் ஒரே சொல். நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் இதை நமக்கு ஏற்ப மாற்றி வழிகாட்டியாக வெளியிட்டது. ஃபீமாவின் அறிமுகப் பாடங்கள் இணையத்தில் இலவசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அது சலித்தால் முதுகலையும் சலிக்கும்.

மும்பை எனக்குப் பிடித்த தேர்வு. உள்ளூர் நிர்வாகம், சாதி, நிலம் இவற்றோடு சேர்த்துப் பேரிடரைப் பார்க்கக் கற்றுக்கொள்ள அது தோதான இடம். வேலை என்று பார்த்தால் தொண்டு நிறுவனங்கள், ஐ.நா. அமைப்புகள், மாநில ஆணையங்களின் ஒப்பந்தப் பணிகள், பெரிய கம்பெனிகளின் தொழில் தொடர்ச்சித் திட்டமிடல், அதாவது பேரிடரிலும் வேலை நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது. சம்பளம் உங்கள் சக இன்ஜினியர்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இதை அம்மாவிடம் மறைக்க வேண்டாம்.

ஆனால் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சலிப்பாக இருக்கிறது என்றீர்களே, அந்த ஒத்திகையை இன்னொரு தடவை பாருங்கள். ஒன்றுகூடும் இடத்தில் நீங்கள் வாசிக்கும் பெயர்ப்பட்டியலில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெயர் இருக்கிறதா? கேண்டீன்காரர்கள்? லோடு இறக்க வந்து கேபினில் தூங்கும் லாரி டிரைவர்? இல்லையென்றால் அந்தப் பெயர்களைச் சேர்க்கப் பாருங்கள். மனிதவளத்துறை, ஒப்பந்ததாரர், செக்யூரிட்டி என்று எத்தனை பேரிடம் கையெழுத்துக்கு நிற்க வேண்டியிருக்கிறது என்று குறித்துவையுங்கள். மூன்று மாதமாவது ஆகும். அது முடிந்தபிறகும் ஆசை மிச்சமிருந்தால் விண்ணப்பக் கட்டுரையில் எழுத உங்களிடம் விஷயம் இருக்கும்.

அப்புறம், நீச்சல். படிப்புக்குத் தேவையில்லை. எனக்கும் தெரியாது, நாகையில் இருந்த இரண்டு மாதமும் முழங்காலுக்கு மேல் நான் நனையவில்லை.

அன்புடன்