இரண்டு அங்குலப் பனிக்கு அங்கே விடுமுறை, கணுக்கால் புதைந்தாலும் இங்கே பள்ளி: ஏன்?

கேள்வி: சென்ற ஜூலையில் திருநெல்வேலியிலிருந்து டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குக் குடிவந்தோம். மகள் ஐந்தாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. இருவரும் பள்ளிப் பேருந்தில் போகிறார்கள். அட்லாண்டாவில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு இரண்டு அங்குலப் பனி விழுந்தாலே பள்ளி கிடையாது. இங்கே கணுக்கால் புதையப் பனி கிடக்கும் காலையில் “பேருந்து ஓடாது, பள்ளி உண்டு” என்று செய்தி வருகிறது. மகள் இதை வைத்துத் தினமும் வழக்காடுகிறாள். இது என்ன கணக்கு? அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகளை அனுப்பலாமா, வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: உங்கள் மகள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அவள் அளக்க வேண்டியது பனியின் உயரத்தை அல்ல. அது எந்த ஊர்ச் சாலையில் விழுகிறது, அப்போது தட்பநிலை என்ன, அதை அள்ள அந்த ஊரிடம் என்ன இருக்கிறது என்பவற்றைத்தான்.

டொராண்டோவில் நவம்பர் முதலே உப்பு தூவும் லாரிகளும் பனி தள்ளும் வண்டிகளும் தயாராக நிற்கும். பனி விழத் தொடங்கியதுமே பெரிய சாலைகளில் இறங்கிவிடும். பலர் குளிர்கால டயர் மாட்டியிருப்பார்கள். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கிப் பிடிப்பை இழக்கும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம்.

அட்லாண்டாவில் இந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதி கிடையாது. எப்போதாவது விழும் பனிக்காக நூற்றுக்கணக்கான வண்டிகளை வாங்கி நிறுத்திவைக்க எந்த நகராட்சிக்கும் மனம் வராது. அதைவிட முக்கியம், அங்கே பனி விழும்போது குளிர் பெரும்பாலும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். விழுந்த பனி டயர் சூட்டில் உருகி, அடுத்த நிமிடமே கண்ணாடிப் படலமாக உறைந்துவிடும். மைனஸ் 8 டிகிரியில் கிடக்கும் பொடிப் பனியில் நடந்துவிடலாம். பூஜ்யத்தில் உருகி உறைந்த பனிக்கட்டியில் காலை ஊன்ற முடியாது. அட்லாண்டாவின் சாலைகளோ ஏற்ற இறக்கமானவை.

2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் விழுந்த பனி மூன்று அங்குலம்கூட இல்லை. பனி தொடங்கியதும் அலுவலகங்கள், பள்ளிகள், கடைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. எல்லாக் கார்களும் ஒன்றாகச் சாலையில் இறங்கியதால் உப்பு லாரிகள் நகர முடியவில்லை. சாலை உறைந்தது. பேருந்துகள் நடுவழியில் நின்றன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளியிலேயே இரவைக் கழித்தார்கள். சிலர் பேருந்துக்குள்ளேயே கிடந்தார்கள். அந்த இரவை அனுபவித்த ஊர், முன்னறிவிப்பு வந்தவுடனே பள்ளியை மூடுவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். உங்கள் அண்ணன் மகனுக்குக் கிடைப்பது சலுகை அல்ல, பாதுகாப்பு.

டொராண்டோவிலும் பள்ளிகள் மூடியதுண்டு. 2022 ஜனவரி 17 அன்று நகரின் சில இடங்களில் அரை மீட்டர் அளவுக்குப் பனி கொட்டியது. மறுநாளும் பள்ளிகள் திறக்கவில்லை. அதற்கு முன் 2019 பிப்ரவரி 12 அன்று டொராண்டோ மாவட்டக் கல்வி வாரியம் தன் பள்ளிகள் அனைத்தையும் மூடியபோது, 2011க்குப் பிறகு அதுதான் முதல்முறை. இது எவ்வளவு அரிது என்பதை மகளுக்குச் சொல்லிவிடுங்கள். காலை எழுந்ததும் ஜன்னலைப் பார்த்து ஏமாறுவது குறையும்.

பேருந்து ஓடாமல் பள்ளி மட்டும் திறந்திருப்பது புதிதாக வந்தவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். நம் ஊரில் மழைக்குக் கலெக்டர் விடுமுறை அறிவித்தால் மாவட்டம் முழுக்க விடுமுறை. இங்கே கலெக்டர் இல்லை. அந்தந்தக் கல்வி வாரியம்தான் முடிவெடுக்கிறது. பொதுப் பள்ளி வாரியமும் கத்தோலிக்கப் பள்ளி வாரியமும் தனித்தனி என்றாலும் டொராண்டோவில் பேருந்து ஏற்பாடு இரண்டுக்கும் பொது. பேருந்தை நிறுத்துவதும் பள்ளியை மூடுவதும் வேறு வேறு முடிவுகள். நீண்ட வண்டி, அள்ளப்படாத தெருமுனை, இருட்டில் நிற்கும் பிள்ளைகள் ஆகியவை பேருந்தின் கவலை. பள்ளிக் கட்டடமோ சூடாக, விளக்கோடு, பாதுகாப்பாக இருக்கிறது. மருத்துவமனையிலும் கடையிலும் வேலைக்குப் போயே தீர வேண்டிய பெற்றோரின் பிள்ளைகள் நடந்தாவது அங்கே வந்துவிடலாம். பள்ளியைப் பூட்டினால் அந்தப் பிள்ளைகள் வீட்டில் தனியாக இருப்பார்கள். கதவைத் திறந்துவைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

இனி உங்கள் வீட்டுக் காலை. பேருந்து பற்றிய முடிவு வழக்கமாக ஆறு மணிக்குள் வந்துவிடும். வாரியத்தின் இணையதளத்தையும் பேருந்து அறிவிப்பையும் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் வரும் தகவலை நம்பாதீர்கள், பக்கத்து நகர வாரியத்தின் செய்தி உங்களுடையதுபோல் அதில் சுற்றும். புதிதாக வந்தவர்கள் தவறவிடும் ஒன்று இருக்கிறது: காலையில் பேருந்து ரத்தானால் மாலையிலும் கிடையாது. வெயில் அடித்து, சாலை காய்ந்து, எல்லாம் சரியானாலும் வராது. காலையில் நீங்கள் காரில் கொண்டு விட்டால் மாலையில் போய் அழைத்துவருவதும் உங்கள் பொறுப்பு. அதற்கு யார் என்பதை முதல் நாள் இரவே பேசிவையுங்கள். அக்கம்பக்கத்தில் ஒரு குடும்பத்தோடு முறை வைத்துக்கொள்வது நல்லது.

அனுப்புவதா என்பதைப் பொறுத்தவரை, நான் பயப்படுவது பனிக்கு அல்ல, உறைமழைக்கு. மழையாக விழுந்து, தரையைத் தொட்டதும் கட்டியாகிவிடும் அந்த மழை இருக்கும் நாளில் காரையும் எடுக்காதீர்கள், நடக்கவும் விடாதீர்கள். 2013 டிசம்பரில் டொராண்டோவில் மரக்கிளைகள் முறிந்து மின்கம்பிகள்மேல் விழுந்து, பல வீடுகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தது உறைமழையால்தான். அதேபோல் கடுங்குளிர் நாளில் உப்பு வேலை செய்கிறதா என்று யோசியுங்கள். சாதாரணச் சாலை உப்பு மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே போனால் பெரும்பாலும் பயன்படாது.

குளிர் அளவைப் பார்க்கும்போது வெறும் தட்பநிலையைப் பார்க்காமல் ‘விண்ட் சில்’ எனப்படும், காற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட எண்ணைப் பாருங்கள். அது மைனஸ் 28க்குக் கீழே போனால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறைந்துவிடலாம். மைனஸ் 40ஐத் தாண்டினால் ஐந்து முதல் பத்து நிமிடமே போதும். மைனஸ் 28ஐ ஒட்டித்தான் இங்கே பல பள்ளிகள் இடைவேளையைக் கட்டடத்துக்குள் வைத்துக்கொள்கின்றன. அதற்கு மேலே இருந்தால் பிள்ளைகள் வெளியே போய் விளையாடுவார்கள், அது நல்லதும்கூட. ஆகவே உடுப்பு சரியாக இருக்க வேண்டும்.

ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு விரல் பிரிந்த கையுறை வேண்டாம். விரல்கள் ஒன்றாக இருக்கும் மிட்டன்தான் சூடு தரும். இடைவேளையில் நனைந்துவிடும் என்பதால் பையில் இன்னொரு ஜோடி வையுங்கள். கழுத்தில் நீள மப்ளர் சுற்றாதீர்கள். சறுக்கு மரத்தில் மாட்டிக் கழுத்தை இறுக்கிவிடும். தலை வழியாக மாட்டிக் கழுத்தை மட்டும் மூடும் துணி உறை (நெக் வார்மர்) வாங்குங்கள். உடலை ஒட்டிப் பருத்திச் சட்டை போட்டால் வியர்வையில் நனைந்து ஈரத்தைப் பிடித்துக்கொண்டு குளிரை ஏற்றும். சாதாரண பேன்ட்டுக்கு மேலே போடும் தடித்த ஸ்னோ பேன்ட்டை முழங்காலில் தேயும்வரை போட்டாலும் பரவாயில்லை, அது இல்லாமல் மட்டும் அனுப்பாதீர்கள். காரில் கொண்டு விடும் நாளில், தடித்த ஜாக்கெட்டோடு குழந்தை இருக்கையில் வார் பூட்டக் கூடாது. மோதினால் ஜாக்கெட் அமுங்கி வார் தளர்ந்துவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, வாரை இறுக்கிப் பூட்டி, அதன்மேல் போர்த்திவிடுங்கள்.

பேருந்து ஓடும் நாளில் இன்னொன்றைக் கவனியுங்கள். பனி தள்ளும் வண்டி சாலையோரத்தில் குவித்துவிட்டுப் போகும் மேட்டில் பிள்ளைகள் ஏறி நிற்பார்கள். மேலிருந்து வழுக்கினால் விழும் இடம் பேருந்தின் சக்கரத்தடி. அந்த மேட்டில் குகை தோண்டி உள்ளே உட்காருவதும் நடக்கும். அடுத்த வண்டி வந்து தள்ளும்போது ஓட்டுநருக்கு உள்ளே குழந்தை இருப்பது தெரியாது. இந்த இரண்டையும் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லி, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவளிடம் கொடுங்கள்.

பள்ளி திறந்திருந்தாலும் அனுப்புவதா வேண்டாமா என்று இறுதியாக முடிவெடுப்பது பெற்றோர்தான். பனிநாளில் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டதற்காக யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் வருகைப் பதிவுக்கான எண்ணுக்குக் காலையிலேயே தகவல் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வராத பிள்ளை வீட்டில் இருக்கிறானா, வழியில் எங்கேனும் விழுந்து கிடக்கிறானா என்று பள்ளிக்குத் தெரியாது. உங்களையோ நீங்கள் கொடுத்த அவசர எண்ணையோ அழைத்துக்கொண்டே இருப்பார்கள். அந்த அவசர எண் இன்னும் சென்ற ஜூலையில் எழுதிக் கொடுத்த பழைய எண்ணாக இருந்தால், இந்த வாரமே அலுவலகத்தில் மாற்றிக் கொடுங்கள்.