வெட்டுவதற்கு முன் விசாரணை

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் ‘விட்சர் 3’ என்ற வீடியோ கேம் விளையாடுகிறான். எட்டிப் பார்த்தால், குட்டிப் பிசாசு ஒன்றை ஒரு தடியன் கையில் ஏந்திக்கொண்டு நடக்கிறான். அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை. இதையெல்லாம் பிள்ளைகள் பார்க்கலாமா ஐயா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: பார்த்ததும் பார்த்தீர்கள், அந்த விளையாட்டிலேயே உருப்படியான கட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அம்மா. அந்தத் தடியன் ஊரை மிரட்டும் ஒரு பிரபு. குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பவன். அவளுக்குக் கரு கலைந்துவிட, பெயரும் வைக்காமல் சடங்கும் செய்யாமல் புதைத்துவிட்டான். அதுதான் பேயாக எழுந்து வந்திருக்கிறது.

விளையாட்டின் நாயகனான பேய் வேட்டைக்காரன் கெரால்ட்டிடம் வெள்ளி வாள் இருக்கிறது. வெட்டிப் போட்டுவிட்டுப் போகலாம். இன்னொரு வழியும் அவனுக்குத் தெரியும்: பெற்றவனே அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மகளென்று ஏற்று, பெயர் வைத்து, வாசற்படிக்குக் கீழே புதைக்க வேண்டும். வழியெல்லாம் ஆவிகள் மறிக்கும். கையில் இருப்பதோ திமிறிக்கொண்டே வரும். ஒழுங்காக முடித்துவிட்டால் அதே பேய் வீட்டுக் காவல் தெய்வமாகிவிடும். எந்த வழி என்பது விளையாடுபவர் இஷ்டம். உங்கள் மகன் வாளை உருவவில்லை, கவனித்தீர்களா?

கெரால்ட் பிறந்தது 1986-ல், ஒரு போலந்துப் பத்திரிகையில் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி எழுதிய சிறுகதையில். அங்கேயும் பேய் ஓர் அரசனின் மகள்தான். சேவல் மூன்றாம் முறை கூவும்வரை அவளைத் தன் கல்லறைப் பெட்டிக்குத் திரும்பவிடாமல் தடுத்தால் மனுஷியாகிவிடுவாள். அவளைக் கொல்லாமல் விடியும்வரை தாக்குப்பிடிப்பதுதான் அந்த வேட்டை. பேயை விசாரிக்கத் தெரியாத வேட்டைக்காரன் வெறும் கசாப்புக்காரன் என்பது என் கட்சி.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு விளையாடச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் அதற்கு 18 வயது முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

கேள்வி: டிராகுலாவைக் கொன்றது வெயிலா, நெஞ்சில் அறைந்த மர ஆப்பா? நண்பர்களுக்குள் பந்தயம். – வாசகர், கோவில்பட்டி

பதில்: இரண்டு பேரும் தோற்றீர்கள். டீச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். 1897-ல் வந்த பிராம் ஸ்டோக்கரின் நாவலில், பொழுது சாயும் நேரத்தில் ஒருவர் கூர்க்கா கத்தியால் கழுத்தை அறுக்க, இன்னொருவர் நெஞ்சில் கத்தியைப் பாய்ச்ச, டிராகுலா தூளாகிப் போகிறார். வெயில் அவருக்கு எமன் அல்ல. பகலில் பலம் குறையும், அவ்வளவுதான். லண்டன் பிக்காடிலியில் பட்டப்பகலில் நின்றுகொண்டு, வண்டியில் இருக்கும் ஒரு பெண்ணை வெறித்துப் பார்க்கிற ஆள் அவர்! ரத்தக்காட்டேரியை வெயிலில் கரைத்த புண்ணியம் 1922-ல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் ஊமைப்படத்தைச் சேரும். நாவலை அனுமதி வாங்காமல் படமாக்கிவிட்டார்கள் என்று ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு ஜெயித்தது தனிக்கதை.

கேள்வி: பேய் என்றாலே நள்ளிரவுதானா? பகல் ஷிப்ட் பேய் கிடையாதா? – வாசகர், ஈரோடு

பதில்: இருக்கிறதே! போலந்து, ரஷ்யா பக்கத்து ஸ்லாவிய மக்களின் நாட்டுப்புறக் கதைகளில் அறுவடைக் காலத்து உச்சி வேளையில் வெள்ளுடுத்தி வயலுக்கு வருவாள் ஒருத்தி. ஓய்வெடுக்காமல் வேலை செய்பவர்களைப் பிடித்துக்கொள்வாள். வயலில் வெயில் தாங்காமல் சுருண்டு விழுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து உருவான பேயாக இருக்கும். உச்சி வெயிலில் புளியமரத்தடிக்குப் போகாதே என்று அதட்டும் நம் பாட்டிகளுக்குத் தூரத்துச் சொந்தம்.

திண்டுக்கல் அம்மா வீட்டில் ஓடும் அதே விளையாட்டில், ஆரம்பத்திலேயே அவள் ஒரு கிணற்றடியில் நிற்கிறாள். போனதும் வாளை உருவினால் வேலைக்கு ஆகாது. அவள் யார், எப்படிச் செத்தாள் என்று தேட வேண்டும். கிணற்றுக்குள் இறங்கி அவளுடைய வளையலை எடுத்து வந்து எலும்புகளோடு சேர்த்து எரித்த பிறகுதான் உண்மையான மோதல். தரையில் மந்திர வட்டம் போட்டு அவளை அதற்குள் இழுத்தால்தான் அடி சரியாக விழும். பக்கத்தில் பாழடைந்த வீடுகள் இருக்கின்றன. அங்கே கிடக்கும் நாட்குறிப்பைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள்.