டேட்டாகிளாஸுக்கு டாக்ஸ்ட்ரிங்கில் என்னதான் எழுதுவது?

பைதானில் டேட்டாகிளாஸ் (தரவுகளைப் பதிவாக வைத்துக்கொள்ளும் கிளாஸ்) எழுதத் தெரியும், அதற்கு டாக்ஸ்ட்ரிங்கில் (கிளாஸின் தொடக்கத்தில் மேற்கோள்குறிக்குள் எழுதும் விளக்கக் குறிப்பு) என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கிளாஸ் எழுதுவது 2 நிமிட வேலைதான். 2018இல் பைதான் 3.7 வந்ததிலிருந்து, மேலே @டேட்டாகிளாஸ் என்று ஒரு வரி போட்டால் புதுப் பதிவை உருவாக்கும் இனிட்டையும், அச்சிட்டுக் காட்டுவதையும், இரண்டு பதிவுகள் ஒன்றா என்று ஒப்பிடுவதையும் அதுவே எழுதிக்கொள்கிறது. மாட்டிக்கொள்வது குறிப்பில்தான்.

திருகோணமலையில் என் மாமாவுக்கு 3 படகு. வாடியில் (கரையோரக் கொட்டகை) நிறுக்கிற மீனை அவர் கொப்பியில் எழுதுவார், அதை நான் புரோகிராமாக்கிக் கொடுத்தேன். மீன், எடை, விலை, படகு என்று 4 ஃபீல்ட், பைதான் 3 தமிழ்ப் பெயரை ஏற்றுக்கொள்ளும் என்பதால் எல்லாம் தமிழிலேயே. டாக்ஸ்ட்ரிங்கில் "பிடிபட்ட மீனின் விவரங்கள்" என்று எழுதியிருந்தேன். கிளாஸின் பெயரைப் பார்த்தாலே தெரிகிற விஷயம், அதை எழுதி யாருக்கு என்ன லாபம்? ஒரு மாதம் கழித்து அறக்குளா மீன் கணக்கு கொப்பியோடு ஒத்துவரவில்லை. பார்த்தால் நான் பெட்டியோடு சேர்த்து எடை போட்டிருக்கிறேன், தம்பி பெட்டியைக் கழித்துப் போட்டிருக்கிறான். "பெட்டிய ஆரடா காசு குடுத்து வாங்குவான்?" என்றார் மாமா.

இப்போது எடைக்கு "கிலோவில், பெட்டியும் ஐஸும் கழித்தது" என்றும் விலைக்கு "1 கிலோவுக்கு ரூபாய், மொத்தமல்ல" என்றும் இருக்கிறது. ஃபீல்டின் வகையைக் குறிக்கும் டைப் ஹிண்ட் இதையெல்லாம் சொல்லாது. ஃப்ளோட் (தசம எண்) என்று போட்ட இடத்தில் "பத்து" என்று எழுத்தில் கொடுத்தாலும் ஓடும்போது பைதான் பேசாமல் வாங்கிக்கொள்ளும், சோதனை வேண்டுமென்றால் இனிட் முடிந்ததும் ஓடும் போஸ்ட்-இனிட்டில் நீங்கள்தான் எழுதவேண்டும்.

அப்புறம் லிஸ்ட். ஒரு ஃபீல்டுக்கு டிஃபால்ட்டாக (நாம் ஒன்றும் தராதபோது வரும் மதிப்பு) வெறும் [] கொடுத்தால் டேட்டாகிளாஸ் உடனே வேல்யூஎரர் என்று நிற்கும். எரிச்சல்தான், ஆனால் முன்பு சாதாரணக் கிளாஸின் இனிட்டில் அப்படிக் கொடுத்து, எல்லாப் படகுக்கும் ஒரே லிஸ்டாகி, ஒரு படகின் சூடை மீன் மற்றப் படகின் கணக்கிலும் ஏறி நான் பட்ட பாட்டுக்கு இது எவ்வளவோ மேல். டிஃபால்ட்_ஃபேக்டரியில் லிஸ்ட் என்று கொடுங்கள், ஒவ்வொரு பதிவுக்கும் புது லிஸ்ட் வந்து சரியாகிவிடும்.

இன்னொன்று, ஃபீல்டுக்குப் பக்கத்தில் # போட்டு எழுதுகிற குறிப்பு ஹெல்ப் அடித்தால் வராது, டாக்ஸ்ட்ரிங்குக்குள் எழுதினால்தான் வரும். நீங்கள் ஒன்றுமே எழுதாவிட்டால் டேட்டாகிளாஸ் தானாகவே கிளாஸ் பெயரையும் ஃபீல்டுகளையும் ஒரு வரியாக அங்கே போட்டுவிடும், அதைப் பார்த்து குறிப்பு ஏற்கெனவே இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.