உதிரும் நெல், உதிராத நெல்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமி 3,200 வருடப் பழசு என்று நீங்கள் எழுதியதைப் படித்துப் பெருமையாக இருந்தது. மரபணு படிக்கும் என் நண்பனிடம் சொன்னேன். "நெல்லே சீனாவிலிருந்து வந்ததுதான், டிஎன்ஏ சொல்லிவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். நெல்லுக்கு வேலி போட்ட ஊர்க்காரனுக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு கேள்வி. எங்கள் வயலில் அம்பை 16 என்ற வெள்ளரிசி ரகம் போட்டால் நடுநடுவே சிவப்பரிசிக் கதிர் வருகிறது. "ரகம் கெட்டுப்போச்சு" என்று அப்பா பிடுங்கி எறிகிறார். விதை மாற்றிப் பார்த்தும் போகவில்லை. இது எங்கிருந்து வருகிறது?

இ., கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள தம்பி,

உங்கள் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அப்பா பிடுங்குகிற கதிரிலிருந்தே தொடங்குகிறேன்.

காட்டு நெல் விளைந்ததும் உதிர்ந்தாக வேண்டும். உதிர்ந்தால்தான் அதற்கு அடுத்த தலைமுறை. நமக்கோ உதிர்ந்தால் களத்துக்கு எதுவும் வந்து சேராது. மணி காம்போடு சேரும் இடத்தில் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அது நெகிழ்ந்தால் மணி விழும். அந்த அடுக்கு உருவாவதில் பெரிய பங்கு எஸ்எச்4 என்ற மரபணுவுக்கு. 2006இல் அதைப் பிரித்துப் பார்த்தபோது, காட்டு நெல்லையும் வயல் நெல்லையும் பிரிப்பது முக்கியமாக ஒரே ஓர் எழுத்து என்று தெரிந்தது. டிஎன்ஏ என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்தில் எழுதிய நீண்ட வரிசை; அதில் ஜி இருந்த இடத்தில் டி வந்திருக்கிறது. நெல்லின் மொத்த டிஎன்ஏ ஏறக்குறைய 39 கோடி எழுத்து. அதில் இந்த ஓர் எழுத்து மாறியதில்தான் அரிவாள் வரும்வரை மணியை விடாமல் பிடித்துக்கொள்ளும் குணத்தில் பெரும்பங்கு கதிருக்கு வந்தது.

இதை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டியதில்லை. அறுக்கும்போது உதிர்ந்தது சேற்றோடு போகும், உதிராதது வீட்டுக்கு வரும், வந்ததில்தான் அடுத்த வருடத்து விதை. ஆனால் எவ்வளவு மெதுவாக நடந்திருக்கிறது பாருங்கள். யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் தியான்லுவோஷான் என்ற இடத்தில், பழைய நெல்மணிகளின் அடித்தழும்பை லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். தானாக உதிர்ந்த மணியில் தழும்பு வழவழவென்று இருக்கும்; அடித்துப் பிரித்ததில் பிய்ந்திருக்கும். சுமார் 6,900 ஆண்டுகளுக்கு முன் உதிராத வகை நூற்றுக்கு 27. முந்நூறு வருடம் கழித்து 39. பத்துப் பன்னிரண்டு தலைமுறை அறுத்தவர்களில் ஒருவருக்குக்கூட வித்தியாசம் தெரிந்திருக்காது. இந்தக் கணக்கைப் படித்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை.

சரி, சிவப்புக்கு வருவோம். காட்டு நெல்லின் அரிசி சிவப்புதான். ஆர்சி என்ற மரபணு அந்த நிறத்தைத் தருகிறது. அதில் 14 எழுத்து அறுந்து போனதால் பிறந்தது வெள்ளரிசி. உலகத்து வெள்ளரிசி ரகங்களில் நூற்றுக்கு 97க்கு மேல் இதே 14 எழுத்தைத்தான் காணோம். ஆக, பழசு சிவப்பு. கெட்டுப்போனது என்று சொல்வதானால் வெள்ளையைத்தான் சொல்ல வேண்டும். இதே மரபணுவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. விதையைத் தூங்க வைக்கும். உதிரும் சிவப்பு நெல் வயலில் ஒரு களை; அதன் மணி மண்ணில் விழுந்தால் உடனே முளைக்காமல் கிடந்து, நாள் பார்த்து எழுந்து வரும். நீங்கள் விதைக்கோட்டையை மாற்றினீர்கள்; அந்த நெல் பெரும்பாலும் கோட்டையில் இல்லை, வயலின் மண்ணுக்குள் இருக்கிறது.

இதை வைத்து மாப்பிள்ளைச் சம்பாவையும் பூங்காரையும் களை என்று நினைத்துவிடக் கூடாது. அவை பழைய சிவப்பை வைத்துக்கொண்டே உதிராமல் நிற்கப் பழகிய நல்ல பயிர்.

அப்புறம் சீனா. உங்கள் நண்பர் சொன்னது பாதி. ஆசிய நெல்லில் இண்டிகா, ஜப்பானிகா என்று இரண்டு பெருங்குடும்பம். நம் வயலில் நிற்பது இண்டிகா. இந்த இரண்டின் காட்டு முன்னோர்கள், மனிதன் கலப்பை பிடிப்பதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டவை. அப்படியானால் ஒரு காட்டுச் செடியைச் சீனத்தில் பழக்கி எல்லா நெல்லும் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் உதிராமல் பிடிக்கும் அந்த ஓர் எழுத்து இரண்டிலும் ஒன்றே. அறுந்த 14 எழுத்தும் ஒன்றே. அதைச் சுற்றியுள்ள டிஎன்ஏவைப் பார்த்தால் அது ஜப்பானிகாவில் தோன்றி, கலப்பால் இண்டிகாவுக்கு வந்தது தெரிகிறது. கங்கைச் சமவெளியில் மக்கள் தங்கள் நெல்லை ஏற்கெனவே அறுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள், கிழக்கிலிருந்து வந்த நெல் அதோடு கலந்தது, நல்ல குணத்தை உழவர்கள் விடவில்லை என்பது ஒரு விளக்கம். 2012இல் 446 காட்டு நெல்லையும் 1,083 வயல் நெல்லையும் ஒப்பிட்டவர்கள், முதலில் பழக்கிய இடம் தென்சீனத்து முத்து ஆற்றுப் பகுதி என்றார்கள். எங்கே, எத்தனை தடவை என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் ஓயவில்லை. எனக்கு முதல் விளக்கம்தான் பொருந்துகிறது. வேற்றூர் விதையை வாங்கி நம் விதையோடு போட்டுப் பார்க்கும் பழக்கம் எந்த உழவருக்கு இல்லை?

சிவகளை உமி இங்கே நெல் பிறந்ததற்குச் சாட்சி ஆகாது. அது தாழிக்குள் போனபோது நெல் பழகிப் பல ஆயிரம் ஆண்டு ஆகியிருந்தது. இதை அப்போதே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். இறந்தவரோடு வைத்து அனுப்பும் அளவுக்குப் பொருநைக் கரையில் நெல் பெரிதாக இருந்தது என்று அந்த உமி சொல்கிறது. அதன் அடித்தழும்பையும் பார்க்க எனக்கு ஆசை.

திருநெல்வேலி என்ற நம் ஊர்ப் பெயரின் கதையை நினைத்துப் பாருங்கள். வேதசர்மா சுவாமிக்கு அமுது படைக்க நெல்லைக் காயப்போட்டுவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போகிறார். மழை பிடித்துக்கொள்கிறது. நெல் போகாமல் சுவாமி வேலியிட்டுக் காக்கிறார். நெல் இங்கே பிறந்தது என்று அந்தக் கதை எங்கும் சொல்லவில்லை தம்பி. வந்த நெல்லைக் காத்தது என்றுதான் சொல்கிறது.

வருகிற பிசானப் பருவத்தில் ஒன்று செய்யுங்கள். அந்தச் சிவப்புக் கதிர் பழுக்கத் தொடங்கும்போது ஒன்றை உள்ளங்கையில் வைத்து லேசாக உருவிப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் அப்பா செய்வது சரி. இன்னும் முன்னால், பூக்கும்போதே பிடுங்கச் சொல்லுங்கள், ஒரு மணி மண்ணில் விழுந்தாலும் பல வருடத்துக்கு வேலை வைக்கும். உதிராமல் நின்றால் எறிய வேண்டாம். ஒரு கைப்பிடியைத் தனியாகக் காயவைத்து, அம்பை 16ஐத் தந்த அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.