அப்பாவின் ஜிப்சிக்கு 28,000 ரூபாய்க்குப் பூட்டா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் மூன்று ஏக்கர் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். அப்பா 2009 மார்ச்சில் புதிதாக எடுத்த மாருதி ஜிப்சி ஒன்று இருக்கிறது. பெட்ரோல் வண்டி, கேன்வாஸ் கூரை, ஃபோர் வீல் டிரைவ். 2024 ஜனவரியில் அப்பா தவறிவிட்டார். வண்டி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. வருடா வருடம் ஏஜென்ட் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டுத் தருகிறார். போன மாதம் பக்கத்து ஊரில் வாசலில் நின்ற பழைய ஜீப் ஒன்று ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனது. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அலாரம், சென்ட்ரல் லாக், ஜி.பி.எஸ்., ஸ்டீயரிங் லாக் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். இந்தப் பணத்தைப் பூட்டில் போடலாமா, முழு இன்ஷூரன்ஸில் போடலாமா? கோவைக்காரர் ஒருவர் நாலேகால் லட்சத்துக்குக் கேட்கிறார், விற்றுவிடுவதே நல்லதா? சீசனில் வாரத்துக்கு இரண்டு நாள், தெரிந்த ரிசார்ட் ஒன்றின் விருந்தாளிகளை வைத்து வண்டி ஓட்டுவதும் உண்டு.

பதில்: பூட்டா, இன்ஷூரன்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் முன்னால் ஆர்.சி. புத்தகம் நிற்கிறது. பேச்சோடு பேச்சாக நீங்கள் சொல்லிவிட்டுப் போன இரண்டு விஷயங்கள், அதாவது வண்டி அப்பா பெயரில் இருப்பதும் ரிசார்ட்டுக்கு ஓட்டுவதும்தான் என்னைக் கவலைப்பட வைத்தன. திருடனைப் பற்றிய பயம் அதற்கு அப்புறம்தான்.

2009 மார்ச்சில் பதிவான சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். அப்படியானால் 2024 மார்ச்சோடு அது முடிந்துவிட்டது. புதுப்பித்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்பா போன துக்கத்தில் யாருக்கும் நினைவிருந்திருக்காது என்று நினைக்கிறேன். ஆக, செல்லுபடியாகாத ஆர்.சி., காலமானவர் பெயரில் பாலிசி, வாடகைக்கு ஓடும் வெள்ளை போர்டு வண்டி. இந்த நிலையில் முழு இன்ஷூரன்ஸ் போட்டாலும், வண்டி களவு போன பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க மூன்று காரணங்களை நாமே எடுத்துக் கொடுத்தது போலத்தான்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. புத்தம் புது பொலேரோ. தற்காலிகப் பதிவு முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. ஜோத்பூரில் விடுதி வாசலில் நிறுத்தியிருந்தபோது ராத்திரியில் திருடு போனது. பாலிசி நடப்பில்தான் இருந்தது. ஆனாலும் பதிவு இல்லாத வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்ததே பாலிசி நிபந்தனையை அடிப்படையிலேயே மீறியதாகும், இழப்பீடு தர வேண்டியதில்லை என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. புது வண்டிக்கே அந்தக் கதி.

அதனால் முதல் செலவு ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கெடு தாண்டிவிட்டது, அதற்கான அபராதத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். படிவம் 31, இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரும் கடிதம் ஆகியவை வேண்டும். கூடவே படிவம் 25-ல் ஆர்.சி. புதுப்பித்தல். வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்; பிரேக், விளக்கு, புகைச் சான்று எல்லாம் சரியாக இருக்கட்டும். 15 முதல் 20 வயது வரையுள்ள காருக்கும் ஜீப்புக்கும் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய். இதற்கு மேல் பசுமை வரியும் தாமதத்துக்கான தொகையும் உண்டு. புதுப்பித்தால் ஐந்து ஆண்டு கவலை இல்லை. அதற்கடுத்த முறை வண்டி 20 வயதைத் தாண்டியிருக்கும். 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி அப்போது கட்டணம் 10,000.

இந்த வேலை முடியும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். வண்டி திருடு போனால் உங்களுக்கு நஷ்டம் நாலு லட்சம், அதோடு முடிந்தது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் ஒருவர் மேல் மோதி அவர் உயிர் போனால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டுக்கு உச்சவரம்பே கிடையாது. உரிமையாளர் இறந்தால் பாலிசி உடனே ரத்தாகிவிடாது. இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் நாள் வரை, இதில் எது முந்தியதோ அதுவரை வாரிசுக்குச் செல்லும். அதற்குப் பிறகும் ஏஜென்ட் அப்பா பெயரிலேயே போட்டுக் கொடுத்துவரும் தாளை நம்பி இறங்கினால், தோட்டத்தை அல்லவா பணயம் வைக்கிறீர்கள்?

சரி, ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது இன்ஷூரன்ஸுக்கு வருவோம்.

தேர்டு பார்ட்டி பாலிசியில் திருட்டுக்கு ஒரு பைசா வராது. நீங்கள் கேட்ட முழு இன்ஷூரன்ஸ், அதாவது காம்ப்ரிஹென்சிவ் பாலிசி வேண்டும். அதில் பார்க்க வேண்டிய எண் ஐ.டி.வி. ஒன்றுதான். வண்டி களவு போனால் கம்பெனி தரும் தொகை அது. ஐந்து வயது வரை அதற்குத் தேய்மானப் பட்டியல் உண்டு. நாலிலிருந்து ஐந்து வயது வண்டிக்குப் பாதி விலை. ஐந்து வயதைத் தாண்டினால் பட்டியல் கிடையாது, நீங்களும் கம்பெனியும் பேசி ஒப்புக்கொள்ளும் தொகைதான். பேசலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கம்ப்யூட்டர் ஒன்றேகால் லட்சம் என்று காட்டும், ஏஜென்ட் அதையே போட்டுவிடுவார், பிரீமியம் குறைந்ததே என்று நாமும் சந்தோஷப்படுவோம். சந்தைக்குப் புது ஜிப்சி வருவது 2019-லேயே நின்றுபோனது. வண்டி கிடைக்காததால் மலைக்காரர்களும் காடு சுற்றுகிறவர்களும் பழையதையே தேடி வாங்குகிறார்கள், உதிரி பாகத்துக்கும் அலைகிறார்கள். திருடனுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். கோவைக்காரர் நாலேகால் லட்சத்துக்குக் கேட்கும் வண்டியை ஒன்றேகால் லட்சத்துக்கு இன்ஷூர் செய்வதில் அர்த்தமே இல்லை. மதிப்பீட்டாளர் ஒருவரிடம் வண்டியைக் காட்டி மதிப்புச் சான்று வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

செலவு எவ்வளவு? ஜிப்சி 1,298 சி.சி. அந்தப் பிரிவுக்குத் தேர்டு பார்ட்டி பிரீமியம் 3,416 ரூபாய். ஓன் டேமேஜ் பகுதி, அதாவது நம் வண்டிக்கே வரும் இழப்புக்கான பிரீமியம், பத்து வயதைத் தாண்டிய வண்டிக்குப் பழைய கட்டண விகிதப்படி ஐ.டி.வி.யில் கிட்டத்தட்ட 3.4 சதவீதம் வரும். ஐ.டி.வி. நாலு லட்சம் என்றால் சுமார் 13,600. இரண்டையும் கூட்டி 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 20,000 ரூபாய்ப் பக்கம். மூன்று லட்சம் என்றால் 16,000. கம்பெனிகள் இதில் தள்ளுபடி தருவதுண்டு, பேரம் பேசுங்கள். ஐ.டி.வி.யில் ஒரு லட்சம் கூடுவதற்கு வருடத்துக்கு 4,000 ரூபாய் அதிகம் ஆகிறது, அவ்வளவுதான். என் கை மூன்றரை, நாலு லட்சத்துக்குத்தான் போகும்.

15 வயதைத் தாண்டிய வண்டி என்றால் ஆன்லைனில் பல கம்பெனிகள் கதவைச் சாத்திவிடும். பொதுத்துறை கம்பெனிகளின் கிளை அலுவலகத்துக்கு நேரில் போய் வண்டியைக் காட்டுங்கள். தேர்டு பார்ட்டியிலிருந்து முழு பாலிசிக்கு மாறும்போது எப்படியும் வண்டியைப் பார்வையிட்டுத்தான் தருவார்கள். முழு பாலிசி மறுத்தால், தேர்டு பார்ட்டியோடு தீ, திருட்டு மட்டும் சேர்த்துத் தருவீர்களா என்று கேளுங்கள்; அப்படி ஒரு வகையும் உண்டு, விலையும் குறைவு. சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், கூடுதல் விளக்கு மாதிரி மின்சார உபகரணம் மாட்டியிருந்தால் அதன் மதிப்பைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். அந்த மதிப்பில் நாலு சதவீதம் பிரீமியம். எழுதாவிட்டால் அது வண்டியோடு போனது போனதுதான். எஞ்சின் மாற்றியிருந்தால் (ஜிப்சிக்காரர்களில் டீசல் எஞ்சின் ஏற்றியவர்கள் நிறையப் பேர்) ஆர்.சி.யில் ஏற்றாமல் கிளெய்மைப் பற்றிப் பேசுவதே வீண்.

சாவி எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். திருட்டு கிளெய்மில் கம்பெனி முதலில் கேட்பது இரண்டு சாவியையும்தான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் பழைய ஜீப்பை ஒரே சாவியோடு வாங்கியிருந்தார். களவு போனபோது இன்னொன்றை வண்டியிலேயே விட்டுவிட்டீர்களா என்று கேட்டு எட்டு மாதம் இழுத்தடித்தார்கள். அப்பாவின் இரண்டாவது சாவி கிடைக்கவில்லை என்றால், பார்வையிட வரும்போதே ஒரே சாவிதான் இருக்கிறது என்று எழுத்தில் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மெக்கானிக்கின் 28,000. கேன்வாஸ் கூரை வண்டிக்குச் சென்ட்ரல் லாக்! இரண்டு ரூபாய் பிளேடு போதுமே உள்ளே கையை விட. அலாரமும் அப்படித்தான். தோட்டத்து வீட்டில் நடு ராத்திரி அது அலறினால் காட்டெருமை உரசிவிட்டுப் போகிறது என்று புரண்டு படுப்பீர்கள். இரண்டையும் வெட்டுங்கள். எனக்குப் பிடித்தவை சல்லிசான சாமான்கள். பாட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் சில நூறு ரூபாய்தான். உங்கள் ஜிப்சியின் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது என்பதால், அதன் வயரில் மறைவாக ஒரு கட் ஆஃப் சுவிட்ச் வைக்க ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். திருடன் ஸ்டார்ட் செய்தாலும் குழாயில் இருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்துப் பூட்டும் இரும்புக் கம்பி ஆயிரம், ஆயிரத்தைந்நூறு. பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னிக்கு ஒரு சங்கிலி. ஜி.பி.எஸ். டிராக்கர் 3,000 ரூபாய்ப் பக்கம், வருடா வருடம் சிம் செலவு தனி. அதில் போடும் சிம்முக்கு உங்கள் வீட்டிலும் இறங்கும் வழியிலும் சிக்னல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எல்லாம் சேர்த்து 7,000-க்குள் அடங்கிவிடும். இந்தப் பூட்டுகளால் திருட்டு நடக்காது என்று சொல்லவில்லை, பத்து நிமிட வேலை நாற்பது நிமிடம் ஆகும். வாசலில் நிற்கும்போது அந்த அரை மணி நேரம் திருடனுக்குப் பெரிது.

ஃபோர் வீல் டிரைவ் போடும் டிரான்ஸ்ஃபர் லீவரை நியூட்ரலில் தள்ளிவிட்டால் எந்த கியர் போட்டாலும் சக்கரம் சுற்றாது என்று ஜிப்சிக்காரர்கள் ஒரு வித்தை சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அப்போது கியரில் நிறுத்திய வண்டிக்கும் பிடிப்பு இருக்காது. உங்கள் ஊர்ச் சரிவில் கட்டை வைக்காமல் இதைச் செய்தால் திருடனே தேவையில்லை.

வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ.யின் அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவிக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். ஓன் டேமேஜ் பிரீமியத்தில் இரண்டரை சதவீதம், உச்சவரம்பு 500 ரூபாய். 13,600-க்கு 340 ரூபாய். இதற்காகப் பத்தாயிரம் ரூபாய்க் கருவி வாங்காதீர்கள்.

ரிசார்ட் ஓட்டம்தான் உங்களுக்குப் பிடிக்காத பகுதியாக இருக்கும். சொந்த உபயோகப் பாலிசி, காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால் செல்லாது. அப்படி ஓடிய வண்டிகளின் கிளெய்ம் சிலவற்றில் நீதிமன்றம் முக்கால் பங்காவது கொடு என்று சொன்னதுண்டு, ஆனால் அதற்குப் பல ஆண்டு அலைய வேண்டியிருக்கும். நாளுக்கு 2,000 என்று வைத்தாலும் இரண்டு மாத சீசனில் 35,000-க்குள்தான் கிடைக்கும். நாலு லட்ச ரூபாய் வண்டியையும் கணக்கில்லாத விபத்துப் பொறுப்பையும் அதற்காக வைக்கிறீர்கள். நான் என்றால் நிறுத்திவிடுவேன்.

எல்லாம் செய்தும் ஒருநாள் காலையில் வாசல் காலியாக இருந்தால், தேடிப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே 112. மலையிலிருந்து இறங்கும் வழிகள் எண்ணிவிடக் கூடியவை. குஞ்சப்பனை, பர்லியார், கூடலூர் தாண்டிக் கக்கநல்லா, நாடுகாணி போன்றவை. முதல் இரண்டு மணி நேரத்தில் அங்கே தகவல் போனால்தான் பயன். அன்றே எஃப்.ஐ.ஆர். பதிந்து இலவச நகல் வாங்குங்கள், அன்றே கம்பெனிக்கும் மெயில் அனுப்புங்கள். போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காட்டி மறுக்கக் கூடாது என்று 2020-ல் ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அவர்களுக்கு அந்த வாய்ப்பை ஏன் கொடுப்பானேன். ஆர்.டி.ஓ.வுக்கும் ஒரு கடிதம். வண்டி கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கை வர மாதங்கள் ஆகும், அதற்கப்புறம்தான் பணம். கம்பெனி மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

விற்பதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம், எடுக்கவும் முடியாது. அப்பா பெயரில் இருக்கும் வண்டியை நீங்கள் எப்படி விற்பீர்கள்? அட்வான்ஸ் வாங்கி, கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களோடு வண்டியைக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். பெயர் மாறட்டும். அதற்கப்புறம் வருடத்துக்கு இன்ஷூரன்ஸ் 20,000, பராமரிப்பு, பெட்ரோல் எல்லாம் போட்டு, தோட்டத்துக்கு அந்த வண்டி எத்தனை நாள் உண்மையில் தேவைப்படுகிறது என்று ஒரு நோட்டில் மூன்று மாதம் குறித்து வாருங்கள். இலை ஏற்றவும் மழைக்காலத்தில் மேட்டுப் பாதையில் ஏறவும் வாரம் நாலு நாள் வேண்டும் என்றால் வைத்திருங்கள். அப்பா நினைவுக்கு மட்டும்தான் என்றால் அது உங்கள் விருப்பம், அதற்கு நான் கணக்குப் போட மாட்டேன். கம்பெனி எவ்வளவு ஐ.டி.வி.க்கு ஒப்புக்கொண்டது என்பதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.