பயாப்ஸியில் ‘கிளாஸ் 4’ என்றால் கடைசிக் கட்டமா?

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்கும் நோய்) இருக்கிறது. கால் வீங்கி, சிறுநீரில் புரதம் 3 கிராம் போனதால் கிட்னி பயாப்ஸி எடுத்தார்கள். ‘கிளாஸ் 4, ஆக்டிவிட்டி 11/24, கிரானிசிட்டி 2/12’ என்று ரிப்போர்ட். கடைசிக் கட்டம் என்கிறார்கள் உறவினர்கள். டயாலிசிஸ் வரை போய்விடுமா? கல்யாணம் செய்து வைக்கலாமா?

பதில்: கடைசிக் கட்டம் இல்லை. புற்றுநோய்க்குப் போடுவதுபோல நோய் முற்றும் வரிசையில் போட்ட எண்கள் அல்ல இவை. கிட்னிக்குள் இருக்கும் நுண்வடிகட்டிகளில் பாதிப்பு எங்கே, எவ்வளவு பரவியிருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன.

1, 2 லேசானவை. 3-ல் பாதிக்கும் குறைவான வடிகட்டிகளில் அழற்சி. பாதியோ அதற்கு மேலோ என்றால் 4. இரண்டுக்கும் சிகிச்சை ஏறக்குறைய ஒன்றுதான். 5-ல் புரதம் கொட்டும், ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. ஆனால் கிட்னி கெடுவது பொதுவாக மெதுவாகத்தான். 90 சதவீதம் வடிகட்டிகள் தழும்பாகிப் போன 6 மட்டுமே உண்மையில் கடைசி.

அதற்காக 4-ஐ லேசாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. சிகிச்சை இல்லாமல் விட்டால் கிட்னியை வேகமாகக் கெடுப்பது இதுதான். ஆனால் மருந்துக்கு நன்றாகக் கேட்பதும் உண்டு.

நான் முதலில் பார்ப்பது கிளாஸ் எண்ணை அல்ல, கிரானிசிட்டியை. ஆக்டிவிட்டி என்பது இப்போது நடக்கும் அழற்சி; மருந்தால் அடங்கும். கிரானிசிட்டி என்பது தழும்பு, அது திரும்பாது. உங்கள் மகளுக்கு 12-க்கு 2 என்பது நல்ல செய்தி. அதே கிளாஸ் 4-ல் 8 என்று வந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். கிரியாட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) ரத்த அழுத்தமும் எப்படி இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை, அவையும் முக்கியம்.

இனி போகப்போகப் பார்க்க வேண்டியது புரத அளவு. சிகிச்சை தொடங்கி 3 மாதத்தில் கால் பங்காவது குறைய வேண்டும். 6 மாதத்தில் பாதி, அதாவது ஒன்றரை கிராமுக்கு வர வேண்டும். ஒரு வருடத்தில் 0.7 கிராமுக்குக் கீழே வந்துவிட்டால், நீண்ட காலத்துக்குக் கிட்னி தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. சிலருக்குக் கொஞ்சம் தாமதமாகும். குறைந்துகொண்டே வருகிறதா என்பதுதான் கணக்கு.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கால் வீக்கம் வடிந்துவிடும். ஸ்டீராய்டால் முகம் உப்பி, பரு வந்திருக்கும். “இப்பத்தான் நல்லா இருக்காளே” என்று வீட்டிலேயே மாத்திரையைக் குறைத்துவிடுவார்கள். ஸ்டீராய்டை மருத்துவரே படிப்படியாகக் குறைப்பார். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோபினோலேட் போன்ற மருந்துகள் குறைந்தது 3 வருடமாவது தொடர வேண்டியிருக்கும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற லூபஸ் மாத்திரை அதற்குப் பிறகும் தொடரும். அது கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கிட்னியைக் கெடுக்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடுவது வேண்டவே வேண்டாம்.

கல்யாணம் தாராளமாகச் செய்யலாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். தினமும் மாத்திரை போடுகிற பெண்ணால் எத்தனை நாள் மறைக்க முடியும்? குழந்தைக்குத்தான் அவசரப்படக் கூடாது. நோய் குறைந்தது 6 மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். மைக்கோபினோலேட் கருவைப் பாதிக்கும் என்பதால், கருத்தரிக்க 6 வாரத்துக்கு முன்பே நிறுத்தி அசாதியோபிரினுக்கு மாற்றுவார்கள். பிரஷர் மாத்திரைகளில் சிலவற்றையும் மாற்ற வேண்டிவரும். அதுவரை கருத்தடை அவசியம். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை மட்டும் இப்போது கூடாது. கர்ப்பத்தைப் பாதிக்கக்கூடிய எதிர்ப்பொருட்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட், ஆன்டி-ரோ பரிசோதனைகள் இதுவரை செய்யவில்லை என்றால், அடுத்த முறை போகும்போது கேட்டு எடுத்துவிடுங்கள்.