சிதறிக் கிடக்கும் டிஜிட்டல் தகவல்களைச் சொற்பொருள் தொழில்நுட்பத்தால் (தகவலின் பொருளைக் கணினியும் புரிந்து இணைக்கும் முறையால்) இணைப்பது இலங்கையின் வன்னிக்குச் சரிவருமா?

சரிவரும், ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் ஒழுங்கில் அல்ல. குளங்களின் நீர்மட்டம், மழைவீழ்ச்சி, பயிர்ச்செய்கை, வரைபடம், பழைய ஆவணங்கள் எல்லாம் தனித்தனியாகக் கிடக்கின்றன, முதலில் பெரிய ஒன்டாலஜி ஒன்றை, அதாவது எது என்ன வகை, எது எதோடு எப்படித் தொடர்பு என்று வரையறுக்கும் சட்டகத்தை, வடிவமைக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதலில் குளங்களுக்கு இலக்கம் கொடுங்கள்.

வன்னியில் எத்தனையோ ஊர்ப்பெயர்கள் குளத்தில்தான் முடிகின்றன. மாங்குளம் என்றால் நமக்கு ஏ9 வீதிச் சந்தி, கனகராயன்குளம் என்றால் பஸ் நிற்கிற ஊர். கணினிக்கு இது எதுவும் தெரியாது. நான் உதவிய ஒரு கமக்காரர் அமைப்பின் எக்செல் கோப்பில் ஒரே குளம் முத்தையன்கட்டு, முத்தையன்கட்டுக்குளம், மு.கட்டு என்று மூன்று விதமாக இருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய கோப்புகளில் எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு விதம். அதைவிட மோசம், நிரலின் தலைப்பில் ‘மட்டம்’ என்று மட்டும் போட்டிருந்தார்கள், அலகு இல்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிறைந்தால் 36 அடி. அந்த நிரலில் 10 என்று இருந்தால் என்ன அர்த்தம்? அடி என்றால், குளத்து நீரை நம்பும் சிறுபோக நெற்செய்கையை மறந்துவிட வேண்டியதுதான். மீற்றர் என்றால் கிட்டத்தட்ட 33 அடி, மழை தொடர்ந்தால் வான்கதவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆர்டிஎஃப் என்பது இந்தத் தலையிடிக்கான மருந்துதான். தகவலை எழுதி இணைப்பதற்கு, இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999இல் பரிந்துரைத்த முறை. ஒவ்வொரு தகவலையும் மூன்று துண்டாக எழுதுவீர்கள்: இரணைமடுக் குளம், நீர் தரும் ஆறு, கனகராயன் ஆறு. ஒவ்வொரு துண்டுக்கும் இணைய முகவரி போன்ற மாறாத ஓர் அடையாளம், நான் சொன்ன இலக்கம் அதுதான். தமிழ், சிங்களம், ஆங்கிலப் பெயர்கள் எல்லாம் அந்த ஒரே அடையாளத்தில் தொங்கும். பெரிய குளங்களைப் பார்க்கும் நீர்ப்பாசனத் திணைக்களமோ சிறு குளங்களைப் பார்க்கும் கமநல அபிவிருத்தித் திணைக்களமோ தங்கள் கோப்பை மாற்ற வேண்டியதில்லை. அதில் உள்ள பெயருக்கு எதிரே இலக்கத்தை எழுதி வைத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் கொட்டும் திட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. திட்டக் காசு முடிய அதுவும் முடிந்துவிடும்.

இலக்கத்தை நீங்களே உருவாக்கத் தேவையில்லை. விக்கிப்பீடியாவின் சகோதரத் திட்டமாக 2012இல் தொடங்கிய விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் பல குளங்களும் ஊர்களும் ஏற்கெனவே இருக்கின்றன, இல்லாததை யாரும் சேர்க்கலாம். ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் உங்கள் எக்செல் பெயர்களை அதோடு ஒப்பிட்டு, ‘இதுவா அதுவா’ என்று உங்களிடமே கேட்கும். யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்திலும் அதே இலக்கத்தைப் பதியலாம். அப்புறம் வானிலைச் சேவை ஒன்றிடம் மழை கேட்பது சின்ன வேலை, அதற்குத் தேவையான அகலாங்கும் நெட்டாங்கும் இலக்கத்தோடேயே வந்துவிடும். ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியில், ‘இந்த ஆற்றோடு தொடர்புள்ள குளங்கள் எவை, அவை எந்தப் பிரதேச செயலகப் பிரிவில்’ என்று ஒரே கேள்வியாகக் கேட்கலாம்.

இரண்டு இடத்தில் கவனம். ‘இதுவும் அதுவும் ஒன்றே’ என்ற இணைப்பைக் கண்டபடி போடாதீர்கள். இரணைமடுக் குளத்தையும் இரணைமடுச் சந்தியையும் அப்படி இணைத்துவிட்டால், சந்திக்கு வான்கதவு வந்துவிடும், குளத்தில் கடைகள் திறந்திருக்கும். இன்னொன்று காலம். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முந்திய பத்திரிகையையோ அறிக்கையையோ பழைய தமிழ் ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் எடுத்தால் அதே ஊர் யாழ்ப்பாண மாவட்டத்தில் இருக்கும். அது பிழை இல்லை. ‘எப்போதிலிருந்து, எப்போதுவரை’ என்று திகதியோடு பதிந்தால் இரண்டுமே சரி.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வீட்டுத்திட்டப் பயனாளிகள், காணி உரிமை, மீள்குடியேற்றப் பதிவுகள் ஆகியவற்றையும் இதே வழியில் இணைக்கலாமே என்று யாராவது வருவார்கள். தொழில்நுட்பம் அதற்கும் தாராளமாக இடம் கொடுக்கும். தனித்தனியாக இருக்கும்போது ஒன்றும் சொல்லாத மூன்று பட்டியல்கள், சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் முழுக் கதையையும் சொல்லிவிடும். நம் சனம் பட்டியல்களுக்குப் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. குளம், வாய்க்கால், மழை, நெல்லினம், வீதி, ஆவணம் ஆகியவற்றை இணையுங்கள். ஆட்களின் பெயர் இருக்கும் கோப்புகளை அந்தந்த அலுவலகத்திலேயே விட்டுவிடுங்கள்.